குழுவில் விழுந்த பால்சுறா

குடவாசல்,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கனகாவுக்கு உன் அம்மா தையல்நாயகி எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்கிறேன். நீ கேட்டதற்கு முதலில் பதில். அந்த வீடியோவை அழிக்க மாட்டேன். மண்டபத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவரைத் திரும்பவும் குழுவில் சேர்க்க மாட்டேன். இதையெல்லாம் செய்தால் வளைகாப்புக்கு வா, இல்லையென்றால் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடு, உன் மாமியார் வீட்டு ஆட்கள் முன்னால் தலை நிமிர முடியவில்லை என்றாய். போனை வைத்ததும் உன் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று கேட்டார். கோயம்புத்தூரில் மழையாம் என்றேன்.

ஏன் மாட்டேன் என்பதை எழுதத்தான் இந்தத் தாள். போனில் பேசினால் ஹாலில் இருக்கிறேன் என்கிறாய். வாய்ஸ் அனுப்பினால் யார் காதில் விழுமோ என்று பயப்படுகிறாய். அதனால் எழுதி, கவரை ஒட்டி, சித்தீக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை அவன் உக்கடம் மார்க்கெட்டுக்கு மீன் லோடு கொண்டுவருகிறான். இறக்கிவிட்டு, குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு உன் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒருத்திக்குச் சொல்ல வேண்டியதை ஒருத்திக்கு மட்டும் சொல் என்பாயே, அதைத்தான் செய்கிறேன்.

உனக்கு வந்து சேர்ந்தது வீடியோ மட்டும். அதற்கு முன்னால் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். முழுசாகக் கேட்டுக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது நீதான் "தையல் மீன் கடை" என்று பெயர் வைத்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கொடுத்தாய். பெட்டியில் கிடந்த வஞ்சிரத்தைப் படம் எடுத்து முகப்பில் போட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து அதற்கான மரியாதையெல்லாம் சொல்லித் தந்தாய். கேட்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது. சாமி படம் போட்டுக் காலை வணக்கம் வேண்டாம். வந்ததையெல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது. பிறத்தியார் படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. கோபத்தில் அனுப்பக் கூடாது, அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீ பஸ் ஏறின மறுநாளே போனில் இருந்த அத்தனை பேரையும் சேர்த்துவிட்டேன். லைன்மேன், தாலுகா ஆபீஸ் டிரைவர், மாதா கோயில் பங்குச் சாமியார் என்று எல்லாரும் கண் விழித்ததும் என் சங்கரா மீனைத்தான் பார்த்தார்கள். சாமியார் ரொம்ப மரியாதையாக, தனக்குப் பதிலாகத் தன் சமையல்காரரைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிவிட்டு வெளியே போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்டு படம் போட்டேன். கோயில் வரிசையில் நின்றபடி போனைத் திறந்தால் நண்டு காலை விரித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருவர் திட்டினார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை படம் கிடையாது. தவக்காலத்தில் அக்னஸ் டீச்சர், ஆசை காட்டாதீங்க தையல் என்றார். சொல்லிவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் தன் போனில் என் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டார். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கற்றுக்கொள்ளாதவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். திட்டு வாங்கி வாங்கித்தான் கற்றேன். தெருவிலும் அப்படித்தான் கற்றேன்.

மீன்காரி கூவும் விதம் உனக்குத் தெரியும். மீன் பெயரை மட்டும் கூவினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். டீச்சரம்மாவுக்கு எடுத்து வைத்தது போக மிச்சம் இதுதான் என்று கூவினால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். யார் வாங்குகிறார்கள் என்பதில்தான் மீனின் மதிப்பு இருக்கிறது. சைவக்காரர் வீடுகளில் சிலவற்றுக்கு வேறு முறை. வாசலை வாய் திறக்காமல் தாண்டிவிட வேண்டும். கொல்லைப்பக்கம் போய், கூடைக்கு மேலே முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு, கீரை என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். எந்த வீட்டில் கூவலாம், எந்த வீட்டில் கூடாது என்பதைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் இந்த ஊரில் காலூன்றினேன். கற்ற பிறகு தெருவில் ஒரு நாளும் தவறினதில்லை. போனில் வாசலும் கொல்லையும் ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கின்றன. அங்கே தவறிவிட்டேன்.

கமலாம்பாள் அம்மாவை நீ பார்த்திருக்க மாட்டாய். கீழவீதியில் வீடு, சைவக்காரர். உரக்கடை வைத்திருந்தவரின் மனைவி. அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. ஒரே பையன், திருவாரூரில் வேலை. மருமகள் அனிட்டா ஒரத்தநாட்டுக் கல்லூரியில் படித்த மாட்டு டாக்டர், வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர்களே விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். பெண் வீட்டில் போக்குவரத்து இல்லை. ஆடியில் குழந்தை பிறந்தது. அதைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

ஒருநாள் கமலாம்பாள் அம்மா பஸ் ஸ்டாண்டு ஓரம் குடையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கடைக்கு வராமல் அங்கே நின்றதிலேயே விஷயம் புரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உங்கள் பக்கத்தில் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். பால்சுறாப் புட்டு, பால் ஊறும் என்றேன். அதைத் தொட்டதில்லை, சமைக்கத் தெரியாது, நீங்களே செய்து கொடுத்தால் கொண்டுபோய் வைப்பேன் என்றார். பிள்ளைக்குப் பால் போதவில்லையாம். அந்தப் பெண் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டேன் என்கிறாளாம். அவள் கேட்காவிட்டால் நான்தானே கேட்கணும் என்றார்.

அன்றிலிருந்து சுறா வரும்போதெல்லாம் நம் வீட்டிலேயே வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து டிபன் கேரியரில் கொண்டுபோனேன். கொல்லைக் கதவு வழியாகத்தான். கமலாம்பாள் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு வாங்குவார். ஆனால் அனிட்டா சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தை விட்டு நகர மாட்டாராம். அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள்.

அன்றைக்குக் காலையில் கரையில் நல்ல பிஞ்சு சுறா வந்தது. குறுவை அறுவடை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். உன் அப்பா வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டுதான் வந்தார். எனக்கு அவசரம். போனை எடுத்து அழுத்திப் பேசினேன்: "கமலாம்பாள் அம்மா, உங்க மருமகப் பொண்ணுக்குப் பால்சுறா வந்திருக்கு. இன்னிக்கும் புட்டு செஞ்சு எடுத்துக்கிட்டு வழக்கம்போல கொல்லைப்பக்கம் வர்றேன்." அது கமலாம்பாள் அம்மாவுக்குப் போகவில்லை. குழுவுக்குப் போய்விட்டது.

வண்டி கடைக்கு வந்து நிற்பதற்குள் அக்னஸ் டீச்சர் கூப்பிட்டார். உடனே அழித்துவிடுங்கள் என்றார். அழித்தேன். என் போனில் அது மறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்பாடா என்று தராசைத் துடைத்து வைத்து வியாபாரத்தை ஆரம்பித்தேன். அது என் போனில் மட்டும்தான் அழிந்தது, மற்ற எல்லார் போனிலும் நான் பேசிக்கொண்டே இருந்தேன் என்பது மதியம்தான் தெரிந்தது. எனக்கு மட்டும் நீக்கு என்றொன்று, எல்லோருக்கும் நீக்கு என்றொன்று. நீ சொல்லித் தந்ததில் இது மட்டும் விட்டுப்போயிருந்தது.

மண்டபத்துக்காரர் தெட்சிணாமூர்த்தியை உனக்குத் தெரியும். கல்யாண மண்டபம், மெஸ் இரண்டும் அவருடையவை. ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியில் பாதி அவர் மெஸ்ஸுக்குத்தான் போகும். அவர் என் குரலை எடுத்து, சாம்பிராணிப் புகைப் படத்தைச் சேர்த்து, கெட்டிமேளச் சத்தம் போட்டு, "கொல்லைப்பக்கம் சைவம்" என்று தலைப்புப் போட்டு ஊர்க் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார். நம் குழுவிலும் போட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். சிரித்தவர்களில் ஒருவருடைய பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, அனிட்டா கர்ப்பமாக இருந்தும் வாய்க்கால் தாண்டிப் போய்க் கன்றை எடுத்துக் கொடுத்தவள். அவரும் சிரித்திருந்தார்.

கடையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டுக் கீழவீதிக்கு நடந்தேன். வழக்கப்படி கொல்லைக்குப் போனேன். பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். பையன்தான் திறந்தான். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றான். உள்ளே அனிட்டா ஒரு பையில் குழந்தையின் துணிகளை வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுகிறாளாம். அவள் இல்லாவிட்டால் பேச்சு அடங்கிவிடும், அத்தைக்குக் கோயிலுக்குப் போய்வரச் சங்கடம் இருக்காது என்றாள்.

நான் வியாபாரி. சரக்கு நசுங்கினால் அதைத் தள்ளிவிடும் வழியைத்தான் முதலில் யோசிப்பேன். சந்தைத் தெருவில் இன்னொரு கமலாம்பாள் இருக்கிறாள், அவளுக்குச் சொன்னது என்று குழுவில் போட்டுவிடுகிறேன், அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றேன். பையன் அது நல்ல யோசனை என்றான்.

கமலாம்பாள் அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "பொய் சொல்லாதீங்க தையல். வாங்கினது நான்தான். என் வீட்டுப் பொண்ணுக்கு வாங்கினேன். இதை ஏன் இத்தனை நாள் கொல்லைப்பக்கமா வாங்கினேன்னுதான் எனக்கு இப்ப வெக்கமா இருக்கு" என்றார். மருமகளிடம், "பையை உள்ள வை. நாளைக்கும் நீ சாப்பிடணும், பிள்ளைக்குப் பால் வேணும்" என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இனிமே இந்தப் பக்கமே வாங்க. கூவ மட்டும் கூவாதீங்க, பெல் இருக்கு."

கனகா, அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார். நான் செய்ததைச் சொல்கிறேன்.

மண்டபத்துக்காரரோடு குழுவில் சண்டை போடவில்லை. தனியாகப் போன் செய்தேன். தப்பு என்மேல் ஆரம்பித்தது, நீங்கள் போட்டதை அழித்துவிடுங்கள், அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "மீன் விக்கிறவ மீனை வித்துட்டுப் போ. எனக்கு மரியாதை சொல்லித் தர்றியா?" என்றார். ஆமாம் என்றேன். சாயங்காலம்வரை பொறுத்தேன். அழிக்கவில்லை. குழுவிலிருந்து நீக்கினேன். நீ பொங்கலன்று காட்டிக் கொடுத்த பொத்தான்தான். இத்தனை மாசத்தில் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டேன்.

பிறகுதான் வீடியோ. அதையும் ஆத்திரத்தில் எடுக்கவில்லை. மறுநாள் காலை, கையைக் கழுவிக்கொண்டு, உன் அப்பாவைப் போனைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். கமலாம்பாள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அனிட்டா ஒரு வார்த்தை கடுமையாக இருக்கிறது என்றாள். வீடு திரும்பி அந்த வார்த்தை இல்லாமல் இன்னொரு தடவை எடுத்தேன். யார் பெயரும் இல்லை. யார் படமும் இல்லை, என் முகத்தைத் தவிர. நீ சரியாகக் கேட்டாயோ இல்லையோ, நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன்:

"அந்தக் குரல் என்னுதுதான். ஒருத்தருக்குச் சொன்னது விரல் தவறி எல்லாருக்கும் வந்துடுச்சு, அது என் தப்பு. பிள்ளை பெத்தவளுக்கு ஒருத்தர் சோறு போட்டதைப் பார்த்துச் சிரிச்சது என் தப்பு இல்ல. சிரிச்சவங்க போட்டதை அழிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு என் கடையில மீன் கிடையாது."

இவ்வளவுதான். இதில் எந்த வார்த்தையை எடுக்கச் சொல்கிறாய்?

வீடியோவை நான் நம் குழுவில் மட்டும்தான் போட்டேன். அது தஞ்சாவூர் போய், திருச்சி போய், உன் மாமியாரின் தங்கை போனுக்கு வந்து சேர்ந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? தள்ளிவிட்டவர்களைப் போய்க் கேள்.

நஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மண்டபத்துக்காரர் மெஸ்ஸுக்கு இப்போது நாச்சியார்கோயில் பக்கமிருந்து மீன் வருகிறது. அவரோடு சேர்ந்து கொஞ்சம் பேர் குழுவைவிட்டுப் போனார்கள். போன ஞாயிறு மிஞ்சின வஞ்சிரத்தை உன் அப்பா உப்புப் போட்டுக் கருவாடாக்கினார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. உப்பு மட்டும் அதிகமாகப் போட்டார். கன்றுக்காரர் மீன் வாங்கக் கடைக்கு வந்தார். அழித்தீர்களா என்றேன். போனை நீட்டினார். எல்லோருக்கும் அழித்திருக்கிறாரா என்று நானே வாங்கிப் பார்த்த பிறகுதான் தராசில் கை வைத்தேன். சிலர் அழித்தார்கள், சிலர் அழிக்கவில்லை. அழிக்காதவர்களுக்கு இன்றுவரை மீன் கொடுக்கவில்லை. அதில் நம் சொந்தக்காரர் ஒருவரும் உண்டு.

அனிட்டா வீட்டில்தான் இருக்கிறாள். நேற்றும் புட்டு கொண்டுபோனேன். பெல் அடித்தேன்.

இனி உன் விஷயம். நம்ம நிலைமைக்கு எதற்கம்மா ஊர் வம்பு என்று கேட்டாய். நம்ம நிலைமை என்று எதைச் சொல்கிறாய்? நான் அலுமினியச் சட்டியோடு பஸ் ஏறின காலத்தில் கண்டக்டர் கடைசிப் படியில் நிற்கச் சொல்வார். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன், வேறு வழி இல்லை. இன்றைக்கு வண்டி என்னுடையது, கடை என்னுடையது, குழுவும் என்னுடையது. இப்போதும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமென்றால் இதையெல்லாம் எதற்குச் சம்பாதித்தேன்?

உனக்கு உறுத்துவது நான் பேசினது இல்லை என்று எனக்குத் தெரியும். வீடியோவில் நான் ரப்பர் ஏப்ரனோடு நிற்கிறேன். பின்னால் அரிவாள்மணை தெரிகிறது. உன் புகுந்த வீட்டில் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? கடல் உணவு ஏற்றுமதி. போன மாசம் மாப்பிள்ளை பேசும்போது, எந்த நாட்டுக்கு அத்தை அனுப்புறீங்க என்று கேட்டார். நம்ம பக்கத்துக் கொரடாச்சேரி வரைக்கும் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

இதற்காக உன்மேல் கோபம் இல்லை. கல்யாணம் பேசும்போது அவர்களிடம் ஒன்று சொல்லிவிட்டாய், பிறகு அதைத் திருத்த நேரம் வாய்க்கவில்லை, அப்படித்தான் நடந்திருக்கும். உன் மாமியார் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. என்னிடம் முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசினதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுமே சொல்லவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார் என்று நீயே சொன்னாய். ஒன்றும் சொல்லாதவர் என்ன நினைக்கிறார் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டு என்னை வராதே என்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாயா?

கல்யாணமாகிச் சைவ வீட்டுக்குப் போன பிறகு மீனை விட்டுவிட்டாய். பிடிக்காமல் போய்விட்டது என்றாய். பிடிக்காமல் விட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்க வாய் வராமல் விட்டிருந்தால் அது வேறு. எது என்று நான் போனில் கேட்க முடியவில்லை. நீ எப்போதும் ஹாலில் இருக்கிறாய்.

நலம் விசாரிக்கிறேன் என்று ஆரம்பத்தில் தள்ளி வைத்தது இதைத்தான். ராத்திரியில் முதுகு வலி இருக்கிறதா? பிள்ளை நன்றாக அசைகிறதா? சோறு இறங்குகிறதா, இல்லை மோரும் ஊறுகாயும்தானா? டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றாய், அதைத் தவறாமல் போடு. பிரசவத்துக்கு எங்கே என்பதை உன் வீட்டில் இன்னும் பேசவில்லை என்று தெரிகிறது. நானும் கேட்கவில்லை. மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டோம். அது சும்மாதான் அடித்தோம்.

வளைகாப்புக்கு நானும் உன் அப்பாவும் வருகிறோம். காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன், உடம்பு நன்றாக இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. முதல் நாளே கடையை மூடி, தலைக்குக் குளித்து, உன் கல்யாணத்துக்குக் கட்டின அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வருவேன். கலந்த சாத வகையெல்லாம் அக்னஸ் டீச்சர் வீட்டு அடுப்பில் செய்து எடுத்துவருகிறேன். என் சமையலறைப் பாத்திரம் என்று அங்கே யாருக்கும் சந்தேகம் வர வேண்டாம். பிறத்தியார் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன வியாபாரம் என்று யாராவது கேட்டால் மீன் என்று சொல்வேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன். இதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது.

நீயும் உன் பிள்ளையும் யார் முன்னாலும் குனியாமல், வேளாவேளைக்குப் பசியாறி, நூறு வயசு இருக்க வேண்டும். பெற்ற வயிறு சொல்வது, பலிக்கும்.

இன்னும் ஒன்று. திருவாரூரில் காதர் மைதீன் கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசத்தில் எனக்குக் கை வீங்கிவிட்டது, பழைய அளவு வளையல் ஏறவே இல்லை. உனக்கும் வீங்கியிருக்கும். போடும்போது ஒன்று உடைந்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சித்தீக் உன் ஆபீஸ் வாசலில் நிற்பான். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும். உன் வளையல் அளவை மட்டும் அவனிடம் சொல்லி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
நா. தையல்நாயகி,
மீன் வியாபாரம்,
குடவாசல்.